கோடு எங்கே படிக்கட்டாகிறது?

ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் ஒரு லோகோவை ஜேபெக் படமாகக் கொடுத்தால் தயங்குவார்கள். "பெருசு பண்ணினா உடையும், கோரல் ஃபைல் இருந்தா கொடுங்க" என்பார்கள். கோரல் ஃபைலில் இருப்பதுபோன்ற வெக்டர் படம் உடையாது என்பது டிசைனர்கள் கற்கும் முதல் பாடம். அது உண்மையும்கூட. விரல்நகம் அளவில் வரைந்த சின்னத்தை இருபதடி பேனருக்கு விரித்தாலும் ஓரம் சிதையாது. ஆனால் அதே சின்னத்தைக் கம்ப்யூட்டர் திரையில் உற்றுப் பாருங்கள். சற்றே சாய்ந்த கோடுகளும் வட்டத்தின் உச்சியும் ரம்பப் பல்லாகத் தெரிவதுண்டு. கோப்பில் பிழை இல்லை. அச்சில் ஒழுங்காகத்தான் வருகிறது. அப்படியானால் அந்தப் பற்கள் எங்கே முளைத்தன?

வெக்டர் கோப்புக்குள் படம் என்று எதுவும் கிடையாது. குறிப்புகள்தான் இருக்கும். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, இவ்வளவு தடிமன், இன்ன நிறம். இந்த மையத்தில் இந்த ஆரத்தில் ஒரு வட்டம். வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும்: தொடக்கம், முடிவு, இடையே வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு. கார்களின் உடல்வளைவைக் கணிதமாக்குவதற்காக 1959இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும், 1960களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் தனித்தனியாகக் கண்டடைந்த வளைவு அது. இன்று எழுத்துருக்களும் லோகோக்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. அந்தக் கணிதத்தில் படிகளுக்கு இடமில்லை. எத்தனை மடங்கு நெருங்கிப் பார்த்தாலும் வளைவு வளைவாகவே இருக்கும்.

திரைக்கு அந்தக் கணிதம் தெரியாது. ஃபுல் எச்டி திரை என்பது குறுக்கே 1920, மேலிருந்து கீழே 1080 என்று அடுக்கிய 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிறத்தைத்தான் காட்டும். கோடு ஒரு பிக்சலின் மூலையை மட்டும் உரசிக்கொண்டு போகிறது என்றால், அந்த மூலையை மட்டும் கறுப்பாக்க வழியில்லை. காஞ்சிபுரத்துப் பட்டில் மாங்காய் புட்டா போடுகிறவர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிவார்கள். மாங்காயின் வளைவை முதலில் கிராஃப் தாளில் வரைந்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே வரும், எதில் வராது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்கிறார்கள். தாளில் அந்த வளைவு படிப்படியாகத்தான் ஏறி இறங்குகிறது. இழை மெல்லியது என்பதால் சேலையில் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

திரைகள் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. 1979இல் அட்டாரி வெளியிட்ட 'ஆஸ்டிராய்ட்ஸ்' விளையாட்டு இயந்திரத்தில் பிக்சல் கட்டங்களே கிடையாது. எலக்ட்ரான் கற்றை கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடி, பேனா பிடித்ததுபோல் வரைந்தது. 1982இல் வந்த வெக்ட்ரெக்ஸ் அதே வகைத் திரையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தத் திரைகளில் சாய்கோடு பளிச்சென்று, முனை மழுங்காமல், பல் இல்லாமல் இருந்தது. ஆனால் கோடுகள் கூடக்கூடக் கற்றை ஒரு சுற்று முடிக்கும் நேரமும் கூடியது. படம் துடிக்க ஆரம்பித்தது. ஒரு பரப்பை நிறத்தால் நிரப்புவதும், புகைப்படம் காட்டுவதும் அதற்குக் கைவரவில்லை. நினைவகச் சிப்புகளின் விலை இறங்கியதும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்கும் திரைகள் உலகை எடுத்துக்கொண்டன. அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். கோட்டின் வழவழப்பைக் கொடுத்து, முழு நிறத்தையும் முகங்களையும் திரைப்படத்தையும் வாங்கிக்கொண்டோம்.

அதன்பின் எல்லா வெக்டர் படமும் திரைக்கு வரும் கடைசி நொடியில் பிக்சல்களாக மாற்றப்பட்டே ஆகவேண்டும் என்றாயிற்று. இதை ராஸ்டரைசேஷன் என்கிறார்கள். பற்கள் முளைப்பது இங்கேதான்.

இந்த மாற்றத்தின் பழைய, அழகான வழிகளில் ஒன்று ஐபிஎம் நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் உருவாக்கியது. அவர் முன்னால் இருந்தது திரைகூட அல்ல. ஐபிஎம் 1401 கணினியோடு இணைத்த கால்காம்ப் பிளாட்டர். பேனா எட்டுத் திசைகளில் மட்டும், சின்னச் சின்ன அடிகளாக நகரும். எந்த அடியில் நேராகப் போவது, எந்த அடியில் சாய்ந்து போவது என்று பிரெசன்ஹாம் வெறும் முழு எண் கூட்டலையும் ஒப்பிடுதலையும் வைத்தே தீர்மானித்தார். பெருக்கலும் வகுத்தலும் கணினிக்குப் பெரும் சுமையாக இருந்த காலத்தில் அது எத்தனை பெரிய உதவி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1965இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் அது வெளியானது. பிற்காலத்தில் திரைகளுக்கும் அதே வழி அப்படியே பொருந்தியது.

அந்த முறை ஒவ்வொரு பிக்சலிடமும் கேட்பது ஒரே கேள்வி: கோடு உனக்கு அருகில் போகிறதா, இல்லையா? ஆம் என்றால் கறுப்பு, இல்லை என்றால் வெள்ளை. வலப்பக்கம் 20 பிக்சல் போவதற்குள் 2 பிக்சல் மட்டும் ஏறும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் அது ஒவ்வொரு பிக்சலிலும் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது. ஆம், இல்லை என்ற இரண்டே பதிலில் பத்தில் ஒரு பங்கைச் சொல்ல முடியாது. அதனால் ஏற்றம் சேர்ந்து சேர்ந்து பத்துப் பிக்சலுக்கு ஒருமுறை ஒரேயடியாகக் குதிக்கிறது. 45 பாகையில் சாய்ந்த கோடு ஒவ்வொரு பிக்சலிலும் குதிப்பதால் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. கிடைக்கோட்டுக்கும் செங்குத்துக்கும் மிக அருகில் சாய்ந்த கோடுகள்தான் நீளமான படிகளைக் காட்டிக்கொடுக்கும். வட்டத்தின் மூலைவாட்டுச் சரிவைவிட உச்சியும் அடியும் இரு ஓரங்களும் மோசமாகத் தெரிவதற்குக் காரணமும் இதுவே.

பிக்சலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தீராதா? தீரும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.277 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் ஏறக்குறைய 95 வினாடிக் கோணம் (வினாடி இங்கே நேரமல்ல, பாகையின் நுண்பகுதி) பிடிக்கும். நல்ல பார்வை உள்ளவர் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய 60 வினாடிக் கோணம் வேண்டும். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பிக்சலை இன்னும் சற்றுக் குறுக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் படியைப் பார்ப்பது வேறு திறன். ஒரே கோட்டின் இரண்டு துண்டுகள் நேராக இருக்கின்றனவா, விலகி இருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பதில் மனிதக் கண் வியக்கத்தக்க நுட்பம் உடையது. 5 முதல் 10 வினாடிக் கோண விலகல் அதற்குப் போதும். விழித்திரையின் மையத்தில் ஒளியுணர் செல்கள் ஒன்றுக்கொன்று சுமார் 30 வினாடிக் கோண இடைவெளியில் இருக்கின்றன. அதையும்விட நுண்ணிய விலகலை மூளை பல செல்களின் சேதியைச் சேர்த்துக் கணித்துவிடுகிறது. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று நாம் படித்ததெல்லாம் இந்தத் திறனை வைத்துத்தான்.

ஆக, திரையில் ஒரு பிக்சல் படி என்பது கண்ணின் எல்லையைப்போல் பத்து மடங்கு, சில கண்களுக்கு அதற்கும் மேல். அங்குலத்துக்கு 400 பிக்சல் கொண்ட கைபேசியை 30 சென்டிமீட்டரில் பிடித்தாலும் ஒரு படி 44 வினாடிக் கோணம் இருக்கிறது. வெறும் கறுப்பு வெள்ளையை வைத்துக்கொண்டு அதை 10 வினாடிக்குள் அடக்க அங்குலத்துக்கு ஏறத்தாழ 1750 பிக்சல் வேண்டும். கைபேசிகள் அந்த அடர்த்தியைத் தொடவில்லை. அச்சுத்தொழில் தொட்டுவிட்டது. ஆஃப்செட் தகடு தயாரிக்கும் இயந்திரங்கள் அங்குலத்துக்கு 2400 புள்ளி அளவில் வேலை செய்கின்றன. மை உண்டு அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. இருந்தும் புத்தக எழுத்தில் நாம் பற்களைப் பார்ப்பதில்லை. 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் 300 புள்ளியில் கூர்ந்து பார்த்தால் அவை தெரிந்தன.

திரைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஃபிராங்க் குரோ 1977இல் வெளியிட்ட கட்டுரையில் சிக்கலின் வேரைத் தொட்டார். பற்கள் தோன்றுவது படத்தைத் தவறாக மாதிரி எடுப்பதால். ஓர் அலையைத் திருப்பிக் கட்டமைக்க வேண்டுமானால் அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் மாதிரி எடுக்கவேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரோடு சேர்ந்த விதி. கூர்மையான கறுப்பு வெள்ளை விளிம்புக்கோ உச்ச அதிர்வெண் என்று ஓர் எல்லையே கிடையாது. எந்த அடர்த்தித் திரையும் அதற்குப் போதாது. எடுக்க முடியாத நுண்விவரம் சும்மா மறைந்துபோவதில்லை. படத்தில் இல்லாத ஒரு வடிவமாக வேடம் போட்டுத் திரும்பி வருகிறது. தொலைக்காட்சியில் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டையின்மேல் அலை அலையாக நெளியும் நிறங்கள் அந்த வேடம்தான். சாய்கோட்டின் படிக்கட்டும் அதே குடும்பம். இதை அலையாசிங் என்றும், இதற்கான மருந்தை ஆண்டி-அலையாசிங் என்றும் கணினி வரைகலைக்காரர்கள் சொல்கிறார்கள்.

மருந்து எளிமையானது. பிக்சலிடம் "ஆமா, இல்லையா" என்று கேட்பதை விட்டுவிட்டு "எவ்வளவு" என்று கேட்கவேண்டும். கறுப்பு வடிவம் ஒரு பிக்சலின் பரப்பில் 30 சதவீதம் மூடினால் அந்தப் பிக்சல் 30 சதவீதம் கறுப்பு கலந்த சாம்பல். முன்பு பத்துப் பிக்சலுக்கு ஒருமுறை குதித்த கோடு இப்போது பிக்சலுக்குப் பிக்சல் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது, சாம்பலின் அளவாக. கண்ணும் இதை விரும்பி ஏற்கிறது. நுண்ணிய விலகலைப் பல செல்களின் சராசரியிலிருந்து கணிக்கும் அதே மூளை, அடுத்தடுத்த இரண்டு சாம்பல்களின் விகிதத்திலிருந்து விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பிக்சலைவிட நுட்பமாகக் கண்டுகொள்கிறது. படியைக் காட்டிக்கொடுத்த திறனே படியை மறைக்கவும் உதவுகிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

எவ்வளவு என்று அளப்பது எப்படி? பரப்பைத் துல்லியமாகக் கணக்கிடலாம். அல்லது பிக்சலுக்குள் பதினாறு இடங்களில் பழைய கேள்வியையே கேட்டுச் சராசரி எடுக்கலாம். ஃபுல் எச்டி திரைக்கு அது ஒரு முறைக்கு 3 கோடியே 31 லட்சம் கேள்வி. நொடிக்கு 60 முறை என்றால் 199 கோடி. விளையாட்டுகளில் ஆண்டி-அலையாசிங்கைக் கூட்டினால் கணினி திணறுவதற்குக் காரணம் இந்த எண்ணிக்கை. பதினாறு இடங்களையும் நான்குக்கு நான்காக ஒழுங்காக அடுக்குவதிலும் ஒரு குறை உண்டு. ஏறக்குறையச் செங்குத்தான விளிம்பு நகரும்போது ஒரு பத்தியின் நான்கு புள்ளிகளும் சேர்ந்தே மாறும். பதினேழு சாம்பல் படிகள் கிடைக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான் கிடைக்கும். படிகள் மோசமாகத் தெரிவதும் அந்தச் சாய்வில்தானே. அதனால் நல்ல மென்பொருள்கள் புள்ளிகளைச் சாய்த்தோ கலைத்தோ வைக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் பற்கள் லேசாகத் திரும்பித் தெரிவதுண்டு. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. பாதி மூடிய பிக்சலுக்கு 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று நினைப்பது இயல்பு. வராது. இன்றைய திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி தரத்தில் 128 என்ற எண் முழு வெள்ளையின் சுமார் 22 சதவீத வெளிச்சத்தைத்தான் தரும். பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் 188 கொடுக்கவேண்டும். எண்களை அப்படியே சராசரி எடுக்கும் மென்பொருளில் எல்லா இடைச் சாம்பலும் தேவையைவிட இருண்டுவிடும். வெள்ளைமேல் கறுப்புக் கோடு தடித்துப்போகும். கறுப்புமேல் வெள்ளைக் கோடு மெலிந்து, முறுக்கிய கயிறுபோல் இடையிடையே கனத்துத் தெரியும். கணக்கைச் சரியாகச் செய்ய வெளிச்சத்தின் அளவுக்கு மாற்றி, கலந்து, மறுபடி எண்ணாக்க வேண்டும். ஆனால் வேகத்துக்காகவும் பழைய கோப்புகளின் தோற்றம் மாறாமல் இருக்கவும் பல நிரல்கள் இன்றும் எண்களையே நேரடியாகக் கலக்கின்றன. இது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொரு தொல்லை இரண்டு வடிவங்கள் ஓரம் பகிரும் இடத்தில் வரும். வெள்ளைப் பின்னணியில் இரண்டு கறுப்பு வடிவங்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. அவற்றின் எல்லை ஒரு பிக்சலின் நடுவே போகிறது என்று வையுங்கள். முதல் வடிவம் அந்தப் பிக்சலில் பாதியை மூடுகிறது, 50 சதவீத வெள்ளை மிஞ்சுகிறது. இரண்டாவது வடிவமும் பாதியை மூடவேண்டும். மிஞ்சிய வெள்ளையில் பாதியை அது மூடுகிறது. கடைசியில் 25 சதவீத வெள்ளை கசிந்து நிற்கிறது, மயிரிழைபோல் ஒரு கோடாக. எவ்வளவு மூடியது என்பது நினைவில் இருக்கிறது. எந்தப் பாதி என்பது தொலைந்துவிட்டது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வகுத்த கலப்பு விதிகள் வரைகலை உலகம் முழுவதற்கும் அடித்தளம்; அந்த விதிகள் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் அளவை மட்டுமே சேமிப்பதால் இந்தக் கசிவை அவற்றால் தவிர்க்க முடியவில்லை. வலைப்பக்கங்களின் எஸ்விஜி (வெக்டர்) வரைபடங்களில் அடுத்தடுத்த மாவட்டங்களுக்கிடையே தெரியும் வெளிறிய இழை இதுதான். ஒரு வடிவத்தைப் பக்கத்து வடிவத்தின் அடியில் துளி நுழைத்து வரைந்தால் போய்விடும்.

மங்கலாகத் தெரியும் ஒற்றைக் கோட்டுக்குக் காரணம் இதைவிட எளிது. ஒரு பிக்சல் தடிமனுள்ள நேர்கோட்டை இரண்டு பிக்சல்களின் எல்லையில் வைத்தால் இருபுறமும் பாதிப் பாதி விழும். கறுப்புக் கோடு இரண்டு பிக்சல் அகலச் சாம்பலாகும். அரைப் பிக்சல் நகர்த்தினால் கூர்மை வந்துவிடும்.

சிவில் டிராயிங் போடுகிறவர்கள் ஆட்டோகேடில் பார்க்கும் முரட்டு வட்டம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே பிக்சல்மேல் பழியில்லை. வேகத்துக்காக மென்பொருள் வட்டத்தைச் சின்னச் சின்ன நேர்கோட்டுத் துண்டுகளாக்கி வைத்திருக்கிறது. பெரிதாக்கும்போது துண்டுகள் தெரிகின்றன. ரீஜென் கட்டளை கொடுத்தால் புதிய அளவுக்கு ஏற்பத் துண்டுகளை மறுபடி கணக்கிடும், வட்டம் திரும்பி வரும். இல்லஸ்ட்ரேட்டரில் பற்கள் தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது 'ஆண்டி-அலையஸ்டு ஆர்ட்வொர்க்' என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்பதை. நல்ல படத்தின் கணுப்புள்ளிகளைக் குற்றம் சொல்லித் திருத்தப் போகாதீர்கள்.

எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நாம் நாள் முழுவதும் பார்க்கும் வெக்டர் படம் அதுதான். ஒவ்வோர் எழுத்தும் பெசியே வளைவுகளால் ஆனது. ஆப்பிள் 1991இல் கொண்டுவந்த ட்ரூடைப் எழுத்துருக்களில், சின்ன அளவில் எந்தக் கோடு எந்தப் பிக்சல் வரிசையில் உட்காரவேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே கட்டளை எழுதி வைக்கலாம். அதை ஹின்டிங் என்பார்கள். நேர்தண்டுகள் மிகுந்த ஆங்கில எழுத்துக்கு அது நன்றாக உதவியது. நம் எழுத்தின் கதை வேறு. இரண்டு சுழி 'ன'வுக்கும் மூன்று சுழி 'ண'வுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. ஒரு சுழி சுழியாகத் தெரியக் குறைந்தது மூன்று பிக்சல் அகலம் வேண்டும்: ஒரு கோடு, ஓர் இடைவெளி, இன்னொரு கோடு. 12 பிக்சல் அளவு எழுத்தில் அந்த இடம் கிடைப்பது அரிது. ஆண்டி-அலையாசிங் அங்கே படிகளை மறைக்கும்; ஆனால் சுழிக்குள் இருக்கும் வெள்ளையையும் சாம்பலாக்கி அடைத்துவிடும். 'மணம்' எது, 'மனம்' எது என்பதை வாசகர் சூழலை வைத்து ஊகிக்க நேரிடுகிறது. அடர்த்தியான கைபேசித் திரையில் இந்தச் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ஆனால் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல்தான் கொண்ட 1366 × 768 மடிக்கணினிகளில் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் அதைப் பெரிய அளவில் ரசிப்பதோடு நிற்காமல், அப்படியொரு திரையில் 12 பிக்சலிலும் 14 பிக்சலிலும் 'ன'வையும் 'ண'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுழிகள் திறந்திருக்கின்றன என்று உறுதியான பிறகே வெளியிட வேண்டும்.